அம்பை நோவதில் தப்பில்லை!

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்று ஒரு பழமொழி உண்டு. குற்றம் செய்தவனை விட்டுவிட்டு, அவன் கையிலிருந்த கருவியைத் திட்டாதே என்பது அதன் கருத்து. ஊர் நியாயத்துக்கு அது மெத்தப் பொருத்தம். ஆனால் வில் பயிற்சி மைதானத்தில் அதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள்தான் ஏச்சு வாங்க நேர்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படிப்பட்ட காட்சி ஒன்றைக் கண்டேன். பதினைந்து வயது மதிக்கத்தக்க பெண். கையில் புத்தம் புதிய காம்பவுண்டு வில். முப்பது மீட்டர் தூரத்தில் இலக்கு. ஆறு அம்புகள் விட்டாள். ஆறும் ஆறு திசையில் போய்க் குத்தின. பின்னால் நின்ற தகப்பனாருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா இது? இவ்வளவு பணம் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், கவனமாக விடக்கூடாதா?"

"சரியாத்தான்பா விட்டேன்" என்றாள் அவள், அழாத குறையாக.

பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஓர் இளைஞர் அந்த அம்புகளில் ஒன்றை வாங்கிப் பார்த்தார். தண்டின் மேல் 800 என்று எண் போட்டிருந்தது. வில்லோ 45 ராத்தல் இழுவிசை. அவர் ஒன்றும் பேசாமல், தம் தங்கைக்கென்று வைத்திருந்த அம்புகளில் ஆறை எடுத்தார். நீளம் போதுமா என்று அளந்து பார்த்த பிறகு, "இந்தாம்மா, இதை வைத்து விட்டுப் பார்" என்று கொடுத்தார். அவற்றின் எண் 500. இம்முறை ஆறு அம்புகளும் நடுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் நெருங்கி நின்றன! கை அதே கை. வில் அதே வில். மாறியது அம்பு ஒன்றுதான்.

விசாரித்தபோது, வில் வாங்கிய கடையில் அந்த முதல் ஆறு அம்புகளையும் இலவசமாகக் கொடுத்தார்கள் என்று தெரிந்தது. தகப்பனார் வில்லுக்காக மாதக்கணக்கில் பணம் சேர்த்தவர். அம்பைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசித்தவர் அல்ல. இந்தத் தவறு அவர் ஒருவருடையது மட்டும் அல்ல. புதிதாக வில் வாங்குகிற பத்துப் பேரில் பலரும் செய்கிற தவறு என்பது என் அபிப்பிராயம்.

கப்பி வைத்த வில்

காம்பவுண்டு வில் பழங்காலத்துச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969-ல் கிடைத்தது. வில்லின் இரு நுனிகளிலும் கப்பிகளைப் பொருத்தி, நாணை அவற்றின் வழியே ஓடவிட்டார். இதனால் இழுக்கும்போது பாதியில் பாரம் அதிகமாகவும், முழுக்க இழுத்த பிறகு பாரம் வெகுவாகக் குறைந்தும் போகிறது. 60 ராத்தல் வில்லில் நூற்றுக்கு 80 பங்கு குறைந்தால், குறி பார்க்கும் நேரத்தில் கையில் நிற்பது 12 ராத்தல்தான். ஆனால் நாணை விட்ட மாத்திரத்தில் வில்லில் சேர்ந்திருந்த சக்தியில் பெரும்பகுதி அம்பின் முதுகில் இறங்குகிறது. கை சுகமாக இருக்கிறது. அடி வாங்குவது அம்பு!

2023-ல் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் பந்தயங்களில் காம்பவுண்டு பிரிவின் ஐந்து தங்கப் பதக்கங்களையும் இந்தியாவே வென்றது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி சேர்க்கப்படும் என்று 2025-ல் அறிவிப்பும் வந்தது. இதையெல்லாம் கேட்டுப் பிள்ளைகள் வில் கேட்பது நியாயமே. கேட்டதை வாங்கித் தரும் பெற்றோர், அம்பைப் பற்றியும் நாலு விஷயம் தெரிந்துகொள்வது நல்லது.

எண் சொல்லும் கதை

அம்புத் தண்டில் போட்டிருக்கும் 800, 500, 400 என்ற எண்கள் விலையோ நீளமோ அல்ல, விறைப்பின் அளவு. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின் மேல் தண்டை வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். தண்டு அரை அங்குலம் வளைந்தால் அதன் எண் 500. ஆகவே எண் குறையக் குறைய விறைப்பு அதிகம்.

நாண் தள்ளும்போது எந்த அம்பும் சற்று வளைந்து நிமிர்ந்துதான் புறப்படும். வில்லின் பலம் கூடினால் அதிக விறைப்பு வேண்டும். தண்டு நீளமானாலும், முனை கனத்தாலும் அம்பு மெத்தென்று நடந்துகொள்ளும். ஆதலால் இழுவிசை, இழுக்கும் நீளம், முனையின் எடை ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு, அம்பு தயாரிப்பாளர் தரும் அட்டவணையைப் பார்த்தே வாங்க வேண்டும். இரண்டு எண்களுக்கு நடுவில் சந்தேகம் வந்தால், காம்பவுண்டு வில்லுக்கு விறைப்பான பக்கம் சாய்வதே சிலாக்கியம். சற்று விறைத்த அம்பை இந்த வில் பொறுத்துக்கொள்ளும். துவண்ட அம்பைப் பொறுக்காது.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு ஆலோசனைகளில் பெரும்பகுதி வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டது. கனமான அம்பு, கனமான முனை என்று அவர்கள் சொல்வது மிருகத்தின் உடலில் பாய்வதற்காக. நாம் வைக்கோலிலும் நுரைப் பலகையிலும் ஒட்டிய காகிதத்தை எய்கிறோம். நமக்கு வேண்டியது ஒரே மாதிரியான அம்புகள். ஆறும் எடையில், நேரில், விறைப்பில் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்க வேண்டும்.

உயிருக்கு உலை வைக்கும் சிக்கனம்

குறி தவறுவது ஒருபுறம் இருக்கட்டும். அம்பு விஷயத்தில் அலட்சியம் செய்தால் கையே போகலாம். குட்டையான அம்பை முழுக்க இழுத்தால், முனை தாங்கியை விட்டுப் பின்னால் நழுவி விழும். அந்த நிலையில் நாண் விடுபட்டால் அம்பு பாய்வது வில் பிடித்த கையில்! வளரும் பிள்ளைகளுக்கு இழுக்கும் நீளமும் வருஷா வருஷம் வளரும். எனவே தாங்கிக்கு அப்பால் ஓரிரு அங்குலமாவது மிச்சமிருக்கும்படி தண்டை விடுங்கள். வெட்டிய தண்டை ஒட்ட முடியாது.

அடுத்தது எடை. இழுவிசையில் ஒரு ராத்தலுக்கு 5 கிரெயினுக்குக் குறையாத அம்பு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 50 ராத்தல் வில்லுக்கு 250 கிரெயின். அதாவது சுமார் 16 கிராம். இதற்குக் கீழே போனால், அம்பில்லாமல் வெறும் நாணை விட்டது போல வில்லே அதிர்ந்து உடையலாம். வில்லோடு வரும் புத்தகத்தில் இதைவிட அதிகம் கேட்டிருந்தால், புத்தகம் சொல்வதே சட்டம்.

கார்பன் அம்பாக இருந்தால் விடுவதற்கு முன் முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, திருப்பித் திருப்பி மெல்ல வளைத்துப் பாருங்கள். நெறிபடும் சத்தம் கேட்டால் அதை உடனே தூக்கி எறியுங்கள். வெடித்த கார்பன் தண்டு நாணிலிருந்து கிளம்பும்போதே சிதறி, சிம்பு சிம்பாகக் கையில் ஏறிவிடும்.

இறகுக்கு என்ன வேலை?

அம்பின் வாலில் ஒட்டியிருக்கும் இறகு அழகுக்காக அல்ல. அது காற்றைப் பிடித்து வாலை இழுத்து நிறுத்துவதால்தான் முனை முன்னால் நேராகப் போகிறது. சற்றுச் சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்று போகும். அதனால் சிறு கோணல்கள் திருந்தும். பெரிய இறகு சீக்கிரம் நேராக்கும்; ஆனால் வேகத்தைக் குறைக்கும், பக்கக் காற்றுக்கும் இடம் கொடுக்கும். இதனால்தான் கூடத்துக்குள் 18 மீட்டரில் எய்பவர்கள் நீண்ட இறகையும், வெட்டவெளியில் 50 மீட்டரில் எய்பவர்கள் இரண்டு அங்குலத்துக்குட்பட்ட சிறிய பிளாஸ்டிக் இறகையும் விரும்புகிறார்கள். பறவை இறகு லேசானது. எதிலாவது உரசினாலும் மடங்கிக்கொடுக்கும். ஆனால் மழையில் நனைந்தால் படுத்துவிடும். பழகுகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் இறகே போதும்.

இறகு தாங்கியில் உரசுகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. அம்பின் வாலில் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவி ஒரு முறை விடுங்கள். எங்கே பவுடர் கலைந்திருக்கிறதோ அங்கே உரசல். அம்பின் பின்முனைப் பிளவைக் கொஞ்சம் திருப்பினால் பல சமயம் அது தீர்ந்துவிடும்.

என் யோசனை

"அம்பு தொலையும், உடையும், அதற்குப் போய் இவ்வளவு செலவா?" என்று கேட்பார்கள். தொலைவது உண்மைதான். அதனால்தான் பன்னிரண்டு மட்டமான அம்புகளுக்குப் பதிலாக, பொருத்தமான ஆறு வாங்குங்கள் என்கிறேன். பயிற்சிக்கு அது போதும். போட்டிக்குப் போகும்போது மீதி வாங்கலாம். வில்லின் விலையில் ஒரு படி இறங்கினாலும் குற்றமில்லை, அம்பில் இறங்காதீர்கள்.

பயிற்சிச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. இழுவிசை பார்க்கும் தராசு ஒன்றையும், விறைப்புக்கு ஒன்றாகச் சில தண்டுகளையும் பொதுவில் வாங்கி வையுங்கள். புதிதாக வருகிறவர் எய்து பார்த்த பிறகு வாங்கட்டும். ஆகும் செலவு சொற்பம். அதனால் மிஞ்சும் மனவருத்தம் எத்தனையோ!

அன்று அந்தப் பெண், நெருங்கி நின்ற ஆறு அம்புகளையும் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலையை ஒரு தரம் தடவிக் கொடுத்தார். இன்னும் ஒரு மாதம் அந்தப் பழைய அம்புகளோடு போராடியிருந்தால், தனக்கு இந்த வித்தை வராது என்று அவள் வில்லைப் பரண் மேல் போட்டிருப்பாள். பிள்ளையை நோவதற்கு முன், ஒரு தரம் அம்பையும் நோவோம்!