பஞ்சம் மனதிலா, மடியிலா?

வயதுவந்தோர் கல்வியிலிருந்து எழுத்தையும் எண்ணையும் ஓரங்கட்டிவிட்டு, அந்த இடத்தில் 'தொழில்முனைவு மனநிலை'யைக் குடியேற்ற வேண்டும் என்று வாதிடும் கட்டுரையொன்றை அண்மையில் படித்தேன். கட்டுரையாளருக்கு நடை இருக்கிறது, நாலு ஆய்வுகளின் பெயரும் தெரிந்திருக்கிறது. ஆனால் ஏழைகளைப் பற்றி அத்தனை பக்கம் எழுதியவரின் கண்ணில் தள்ளுவண்டி ஒன்றோ, தலைச்சுமைக் கூடை ஒன்றோ கடைசிவரை படவேயில்லை. அவர் கைக்கொள்ளும் வாதங்கள் நான்கு. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிரித்துப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வாதம்: ஏழைக்குக் குறைவது பணமன்று, துணிவு, சம்பளத்துக்குக் கைகட்டி நிற்கும் மனமே அவனை அழுத்தி வைத்திருக்கிறது. இப்படி எழுதும் முன் அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பை ஒருமுறை புரட்டியிருக்கலாமே? 2023-24இல் இந்தியாவில் வேலை செய்வோரில் நூற்றுக்கு 58 பேர் சுயதொழில் செய்பவர்கள். மாதச் சம்பளம் வாங்குவோர் நூற்றுக்கு 22 பேர்தான். மிச்சமிருப்பவர்கள் அன்றாடக் கூலிகள். சம்பளம் என்பதே பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாக இருக்கும் நாட்டில், 'சம்பள மனநிலை' என்ற நோயைக் கண்டுபிடித்து, அதை அந்தக் கனியைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர் தலையில் சுமத்துவதற்கு எத்தனை அறியாமை வேண்டும்!

விடிவதற்கு முன் கோயம்பேடு சந்தையில் போய் நில்லுங்கள். கந்துக்காரரிடம் 900 ரூபாய் வாங்கி, பொழுது சாய்வதற்குள் 1,000 ரூபாயாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற கெடுவோடு ஒரு பெண் கீரையும் காயும் எடுக்கிறார். எதை எத்தனை கட்டு எடுப்பது, எந்தத் தெருவில் முதலில் நுழைவது, வாடத் தொடங்கும்போது விலையை எவ்வளவு இறக்குவது, மழை வந்தால் எதைக் கைவிடுவது என்று அவர் ஒரு பகலில் எடுக்கும் முடிவுகளை ஒரு மேலாண்மைக் கல்லூரி ஒரு பருவம் முழுக்கப் பாடமாக நடத்தலாம். ஒரு நாளைக்கு நூற்றுக்கு 11 ரூபாய்க்கு மேல் வட்டி கட்டியும் மறுநாள் அதே சந்தையில் நிற்பவருக்குத் துணிவைப் போதிக்க யாருக்கு யோக்கியதை இருக்கிறது? அந்த வட்டி கொள்ளை என்பது அவருக்குத் தெரியாதா? நம் கட்டுரையாளரைவிட நன்றாகத் தெரியும். தட்டுவதற்கு வேறு கதவில்லை, அவ்வளவுதான். 2020இல் தெருவோர வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தரும் மத்தியத் திட்டம் வந்தபோது லட்சக்கணக்கானோர் அதை வாங்கினார்கள். அதற்கு முந்தைய வாரம் யாரும் வந்து அவர்களுடைய மனநிலையை மாற்றிவிட்டுப் போகவில்லை. கதவு திறந்தது, நுழைந்தார்கள்.

'அகலக்கால் வைக்காதே', 'விரலுக்கேத்த வீக்கம்' என்ற பழமொழிகளையும் கட்டுரையாளர் சாட்சிக்கு இழுக்கிறார். தமிழனின் ரத்தத்திலேயே அச்சம் ஊறியிருப்பதற்கு இவை ஆதாரமாம். ஒரு முறை சறுக்கினால் தாலியும் போய் வீடும் போகும் என்ற நிலையில் இருப்பவர் சொல்லிவைத்த எச்சரிக்கைகள் அவை. விழுந்தால் தாங்கிக்கொள்ள அப்பன் சொத்து இருப்பவருக்கு இடர் என்பது விளையாட்டு. இல்லாதவருக்கு அது உலைப்பானை. கணக்குப் போட்டுப் பார்த்துப் பின்வாங்குவதற்குக் கோழைத்தனம் என்று பெயரிடுபவர், தொழில் என்றால் என்னவென்றே அறியாதவர்.

இரண்டாவது வாதம்தான் அவருடைய பிரம்மாஸ்திரம்: மனநிலையைப் பயிற்சியால் உண்டாக்க முடியும் என்று ஆய்வு நிரூபித்துவிட்டது. இதற்கு இரண்டு சான்றுகள் தருகிறார். ஒன்று, அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1960களின் நடுவில் காக்கிநாடாக்காரர்களுக்கு ஹைதராபாத்தில் நடத்திய சாதனை ஊக்கப் பயிற்சி. மற்றது, ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில்காரர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு. இரண்டும் மெய்யானவை, மதிக்கத்தக்கவை. சான்றை மதிக்கிறவர் அதைக் கடைசிவரை படிக்க வேண்டாமா?

காக்கிநாடாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே அந்த ஊரில் வணிகமோ தொழிலோ நடத்தியவர்கள். தம் தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களுக்குத்தான் பயிற்சி கை கொடுத்தது என்பதை ஆய்வாளர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். டோகோவிலும் அப்படித்தான். முன்முயற்சிப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது உண்மை. வழக்கமான வணிகப் பயிற்சியைவிட அது மேலாக இருந்ததும் உண்மை. ஆனால் அந்த 1,500 பேரும் தலைநகர் லோமேயில் முன்பே கடையோ தொழிலோ வைத்திருந்தவர்கள். வகுப்பு முடிந்த பிறகும் பயிற்றுநர்கள் மாதாமாதம் அவர்களுடைய கடைக்கே போய்ப் பார்த்து வந்தார்கள். முதல் போட்டவருக்குக் கிடைத்த பலனை, முதலே இல்லாதவருக்கு மருந்தாக எழுதிக் கொடுப்பது எந்த வைத்தியம்? நீந்தத் தெரிந்தவனை ஆற்றில் விட்டு வேகத்தை அளந்துவிட்டு, அந்த அளவை மணலில் நிற்பவனிடம் காட்டி உனக்கு மனமில்லை என்று ஏசுவது நியாயமா?

உடனே அவர், அப்படியானால் கடனைக் கொடுத்தால் போதும் என்கிறீர்களா என்று மடக்கப் பார்ப்பார். அதையும் நான் சொல்லவில்லை. ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் நுண்கடனின் விளைவைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் தம் சகாக்களோடு அளந்து 2015இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான குடும்பங்களின் வாழ்வு கடனால் தலைகீழாக மாறிவிடவில்லை. தனி ஆளின் மனதைத் திருத்தினாலும் போதாது, தனி ஆளின் கையில் கடனைத் திணித்தாலும் போதாது. குத்தகை யாரிடம், எடைக்கல் யாரிடம், விலை சொல்லும் வாய் யாருடையது என்ற கேள்விகள் நடுவில் நிற்கின்றன. அவற்றைத் தொடாமல் சுற்றிப் போவதற்காகவே கட்டுரையாளருக்கு 'மனநிலை' என்ற சொல் தேவைப்படுகிறது.

மூன்றாவது வாதம்தான் என்னைக் கொதிக்க வைத்தது. இதுவரை நடந்த முதியோர் கல்வி கையெழுத்துப் போட மட்டும் சொல்லிக் கொடுத்ததாம். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பாட்டும் கூத்துமாகப் பொழுதைப் போக்கியதாம். 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமே எழுத்தறிவு, செயல்திறன், விழிப்புணர்வு என்ற மூன்று கால்களில் நின்றது. 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமோ, தம் வறுமைக்கான காரணத்தை அறிவதையும் அமைப்பாகத் திரண்டு அதை மாற்ற முனைவதையும் எழுத்தறிவின் இலக்கணத்திலேயே சேர்த்தது. நடைமுறையில் தவறியது எத்தனையோ உண்டு, பேசலாம். நோக்கமே இல்லை என்று எழுதுவது அறியாமை, அல்லது மறைப்பு.

பாட்டும் கூத்தும் என்ன செய்தன என்று அறிய அவர் புதுக்கோட்டைக்குப் போயிருக்க வேண்டும். 1991இல் அங்கே அறிவொளி தொடங்கியபோது மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார்கள். வயல் கூலிகளும் கல்லுடைப்பவர்களும் வீட்டுக்கு வெளியே தனியாகப் போய்ப் பழகாத பெண்களும் ஆயிரம் ஆயிரமாக ஓட்டக் கற்றார்கள். பலர் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே விரும்பி வாங்கினார்கள். ஏன் தெரியுமா? முன்பக்கம் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானது. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்களில் விளைபொருளை விற்க முடிந்தது. அப்பனையும் அண்ணனையும் கெஞ்சும் வேலை ஒழிந்தது. தொழில்முனைவு என்ற சொல்லை அந்தப் பெண்களிடம் யாராவது உச்சரித்தார்களா? சக்கரத்தைக் கொடுத்தார்கள். மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

அதே மாவட்டத்தின் கல் குவாரிகளில் நடந்தது இன்னும் பெரிது. ஒப்பந்தக்காரருக்குக் கீழே தலைமுறையாகக் கல்லுடைத்த பெண்கள், பலர் கொத்தடிமைகளாக இருந்தவர்கள், குழுக்களாகச் சேர்ந்து அரசிடமிருந்து நேரடியாகக் குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். லோடுக்கு எவ்வளவு, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, லாரிக்காரர் சொல்லும் கணக்கு சரியா என்று பார்ப்பதற்குப் படிப்பு அவர்களுக்குக் கைக்கருவியானது. ஒப்பந்தக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. யோசித்துப் பாருங்கள்: குறை பெண்களின் மனதில்தான் இருந்தது என்றால், அவர்கள் கைக்குக் குத்தகை வந்ததும் எதிர்த்தரப்புக்கு ஏன் அத்தனை ஆத்திரம்?

பாட்டு தொழிலைக் கெடுக்கும் என்பவருக்கு ஐரோப்பிய உதாரணமும் ஒன்று தருகிறேன். வெளிநாட்டுச் சான்றில்தான் அவருக்கு நம்பிக்கை அதிகம். டென்மார்க்கில் குருண்ட்விக் என்பவரின் சிந்தனையில் பிறந்த முதல் மக்கள் கல்லூரி 1844இல் ருட்டிங்கில் தொடங்கியது. அவ்வகைக் கல்லூரிகள் குடியானவரின் பிள்ளைகளுக்கு வரலாறும் தாய்மொழியும் பாட்டும் கற்றுக் கொடுத்தன. லாபம் ஈட்டும் மனநிலைக்கு அங்கே தனி வகுப்பு கிடையாது. 1882இல் அந்நாட்டின் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை பிறந்து, பிறகு டேனிஷ் வெண்ணெய் உலகச் சந்தையைப் பிடித்தபோது, அந்தக் கூட்டுறவுகளின் முன்வரிசையில் நின்றவர்களில் இக்கல்லூரிகளில் பயின்றவர்கள் கணிசம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மோசஸ் கோடி என்ற பாதிரியார் 1928 முதல் மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் படிப்பு வட்டங்களாகக் கூட்டினார். தம் மீனுக்கு யார் விலை வைக்கிறார்கள் என்ற கேள்வியில் தொடங்கிய படிப்பு, கூட்டுறவு விற்பனையிலும் கடன் சங்கங்களிலும் போய் முடிந்தது. வயதுவந்தோர் கல்வி தொழிலை வளர்த்த பெரிய கதைகள் எல்லாம் கூடிச் செய்த கதைகளாகவே இருக்க, கட்டுரையாளர் மட்டும் தனித்தனியாக நிறுத்தித் தோளைத் தட்டிக் கொடுக்கச் சொல்கிறாரே, எதற்கு?

நான்காவது வாதம்: செல்பேசி வந்தபின் எழுத்து எதற்கு, குரலே போதும். அப்படியானால் தமிழக அரசின் வேலையற்ற இளைஞர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறதே, அதை எந்தக் குரலால் தாண்டுவது? பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமும் உற்பத்தித் தொழிலுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் அதே தகுதியைக் கேட்கிறது. தொழில் தொடங்கு என்று ஒரு வாயால் அழைத்து, படிப்பு வேண்டாம் என்று இன்னொரு வாயால் சொல்லி, வாசலில் சான்றிதழ் கேட்கும் ஏற்பாட்டுக்கு வக்காலத்து வாங்குகிறோமே என்று அவருக்கு உறைக்கவில்லையா? செல்பேசிச் செயலியில் கடன் வாங்குபவர் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துமுன் எதற்குச் சம்மதம் என்று படிக்க வேண்டாமா? 2014இன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளுக்கு உரியது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதைப் படித்தறிந்த ஒரு காய்க்காரம்மா, அதிகாரி வண்டியைத் தூக்க வரும்போது நின்று கேட்கும் ஒரு கேள்வி, பத்து நாள் ஊக்கப் பேச்சைவிடப் பெரிய தொழில்முனைவு.

இத்தனை ஓட்டையுள்ள வாதம் ஏன் இவ்வளவு செல்லுபடியாகிறது? கணக்கைப் பாருங்கள். 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு ஒதுக்கியது 1,037.90 கோடி ரூபாய். இலக்கு 5 கோடிப் பேர். தலைக்கு ஏறக்குறைய 208 ரூபாய். அதற்குள் எழுத்தும் எண்ணும், நிதி அறிவும், டிஜிட்டல் அறிவும், தொழில்திறனும் எல்லாம் அடங்க வேண்டும். கற்றுத் தருபவரோ ஊதியமில்லாத தன்னார்வலர். குறை மனதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் 208 ரூபாய் தாராளம். குறை மூலதனத்தில், குத்தகையில், சந்தையில், சட்டத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் இந்தத் தொகையைச் சொல்லவே நாக்கூசும். 'மனநிலை' என்பது அரசுக்குச் செலவைக் குறைக்கும் சொல். பயிற்சி வியாபாரிக்கு வரவைக் கூட்டும் சொல். தோற்றுப்போன ஏழைக்கோ பழியை ஏற்றிவைக்கும் சொல். தொழில் நொடித்தால் அவனுக்கு மனம் போதவில்லை என்று கணக்கை முடித்துவிடலாம் அல்லவா?

திறன் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் பிரித்து எழுதுவது, அடக்க விலை போடுவது, வாடிக்கையாளர் கேட்குமுன் புதுச் சரக்கைக் கொண்டு வருவது ஆகியவை எல்லாம் கற்பிக்கத் தக்கவை. பிடிப்பதற்கு ஒரு கொம்பு கையில் இருந்தால்தான் அவை ஒட்டும். வரிசை மாறினால் அது கல்வியன்று, உபதேசம்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் கற்போர் மையத்துக்குத் தொழில்முனைவு மனநிலையைச் சொல்லித்தர யாராவது வந்தால் விரட்ட வேண்டாம். நகர விற்பனைக் குழுவின் விதிகளும், ஒரு குத்தகைப் பத்திரமும், வங்கிக் கடன் மனுவும் கொண்டு வந்திருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். கொண்டு வந்திருந்தால் உட்காரவைத்துக் காப்பி கொடுங்கள். வெறுங்கையோடு வந்திருந்தால், புதுக்கோட்டையில் கல்லுடைத்த பெண்கள் முதலாளிகளைப் போல நினைக்கக் கற்ற பிறகு குவாரியை எடுக்கவில்லை, குவாரி கைக்கு வந்த பிறகே முதலாளிகளானார்கள் என்பதைச் சொல்லி அனுப்புங்கள்.