எதற்குக் கூசுவது?

வெள்ளாற்றங்கரைத் திட்டக்குடியில் அண்மையில் நம்மைக் காணவந்த இளைஞர் ஒருவர், "தனித்தமிழில் பேச விருப்பந்தான் ஐயா, நாலு பேர் நடுவில் பேசச் சங்கோசமாக இருக்கிறது" என்றார். அவர் துயரம் மெய்யானது. நண்பர் நகைப்பர், கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார், நாம் பேசுவதுதான் பிழையோ என்னும் ஐயமும் உள்ளே எழும். ஆயினும், தமிழ் பேசக் கூசுவதைச் சொல்லவும் அவர் வாய்க்கு வடசொல்லே முந்தி வந்தது காண்மின்!

சங்கோசம் என்பது வடமொழியில் சுருங்குதல், ஒடுங்குதல் என்னும் பொருளது. நம்மிடம் சொல் இல்லாக் குறைக்கா அது வந்தது? கூச்சம், நாணம், தயக்கம், வெள்குதலிற் பிறந்த வெட்கம் என ஒவ்வொன்றும் தனிப்பொருள் தாங்கி நிற்கின்றதே.

'கூசு' என்னும் வினையை நோக்குக. கடுவெயிலில் கண் கூசுகிறது. புளி தின்ற பல் கூசுகிறது. விலாவைத் தொட்டால் உடல் கூசுகிறது. மலையாளத்தாரும் 'கூசுக' என்பர். வெயிலிற் கண் கூசுவது கண்ணின் குற்றமன்று. வெளியிலுள்ள ஒன்று மிகும்போது புலன் பின்வாங்குகிறது, பழகியபின் அமைகிறது. உள்ளத்தின் கூச்சமும் அத்தகையதே எனக் கண்டுதான் முன்னோர் அதே சொல்லை அதற்கும் வைத்தனர் என்பது நம் கருத்து. மேலையர் உளநூலினின்று நேற்றுப் பெயர்த்த 'தாழ்வு மனப்பான்மை'யோ குறையை ஆளின்மேலேயே ஏற்றிவிடுகிறது.

நாண் வேறு. திருக்குறளின் 102ஆம் அதிகாரம் நாணுடைமை. தகாத செயலுக்கு நாணுவதே நாண், மகளிர் நாணம் வேறு என்று அதன் முதற் குறளிலேயே வள்ளுவர் பிரித்துவிடுகின்றார். 'நாக் கூசாமல் பொய் சொல்கிறான்' என்று நாட்டுப்புறத்துப் பாட்டியர் கடிவதும் இவ்வழிப்பட்டதே. பொய்க்குக் கூசவேண்டிய நா தாய்மொழிக்குக் கூசுவானேன்?

அவ்விளைஞர்க்கு ஊர் விருத்தாசலம். தேவார மூவரும் முதுகுன்றம் என்று பாடிய ஊர் அது. விருத்தம் முதுமை, அசலம் மலை. 1916இல் தனித்தமிழ் இயக்கங் கண்ட அடிகளார், வேதாசலம் என்ற தம் பெயரிலிருந்த அதே அசலத்தைத்தான் நீக்கி மறைமலை ஆனார்.

முதுகுன்றத்துக்குச் சீட்டுக் கேளுங்கள் என்று நாம் அவரிடம் சொல்லவில்லை. பேருந்து நடத்துநர் திகைத்துப்போவார். சங்கோசத்தை விட்டுக் கூச்சம் என்று சொல்லிப் பழகுக என்றோம்.

"எங்கள் அப்பாயி அப்படித்தான் ஐயா சொல்லும்" என்றார்.