தீர்ப்புக்கு முன் ஒரு விசாரணை

“எஞ்சின் போய்விட்டது!” பழைய கார்களுக்கு நம் ஊர்களில் விதிக்கப்படும் மரண தண்டனை இது. ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை, புகைக்குழாயில் வெண்புகை, மேட்டில் இழுவை இல்லை. உடனே தீர்ப்பு, உடனே எடைக்கு விற்பனை. அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். வங்கத்து உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு நின்றுவிட்டது. இனி எடைக்குப் போகும் வண்டிக்கு மாற்று வண்டி பிறக்கப் போவதில்லை. ஆகவே, தீர்ப்புக்கு முன் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். அதையும் வீட்டு வாசலிலேயே செய்யலாம் என்பது என் கட்சி.

“படிக்கிற பிள்ளைக்குக் கையில் கிரீஸ் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அந்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். கேம்ஷாப்ட் கீழே பிளாக்கிலேயே இருப்பதால், ஹெட்டைத் தூக்க டைமிங் செயினைத் தொடவே வேண்டியதில்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில் இந்தச் சலுகை கிடையாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பாட்டரி ஒயரைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும். ராக்கர் ஷாப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. எனவே எல்லா நட்டுகளையும் முறைவைத்துச் சிறிது சிறிதாகவே தளர்த்த வேண்டும். எட்டு புஷ் ராடுகளையும் ஓர் அட்டையில் துளையிட்டு, எண் எழுதி, வரிசை மாறாமல் செருகி வைப்பது நலம். ஹெட் கிளம்பவில்லையென்று ஸ்குரூ டிரைவரை இடையில் செருகி நெம்புவது மட்டும் மன்னிக்க முடியாத குற்றம்! வார்ப்பிரும்பு, தூக்க இருவர் வேண்டும்.

பிறகுதான் சுவையான பகுதி. கரி படிந்த நான்கு அறைகளுக்கிடையே ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளபளத்தால், அங்கே தண்ணீர் புகுந்திருக்கிறது என்று ஐயுறலாம். ஈரமான எண்ணெய்க் கரி ரிங்குகளையோ வால்வு கைடுகளையோ காட்டிக் கொடுக்கும். கேஸ்கட்டில் இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கருகிய தடம் இருந்தால், இழுவை போன காரணம் அதுவே. ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்குகளைப் பூட்டி, அறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். எந்த வால்வு கசிகிறது என்பதை அதுவே சொல்லிவிடும். நேர்விளிம்பையும் பீலர் கேஜையும் வைத்தால் ஹெட் வளைந்திருப்பது தெரியும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் விடைபெற்றது. பழைய ஹெட்டுகளின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே கவசமாக இருந்தது. அது இல்லாமல் நெடுந்தூரம் ஓடினால், எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்குள் அமிழ்ந்து போகலாம். டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைகிறதென்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எல்லாம் வீட்டிலேயே முடியும் என்று நான் வாதிடவில்லை. வளைந்த ஹெட்டை இழைப்பதும், விரிசல் பார்ப்பதும், கடின இருக்கை பதிப்பதும் லேத் பட்டறையின் வேலைகள். ஆனால், என்ன வேலை வேண்டும் என்று தெரிந்து போகிறவனுக்கும், “என்னவோ பாருங்கள்” என்று வண்டியை விட்டுவருகிறவனுக்கும் பில்லில் வித்தியாசம் இராதா? சிலிண்டர் சுவரில் நகம் சிக்கும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ, பிஸ்டன் உடைந்திருந்தாலோ, செலவு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போது எடைக்குப் போடுவதா என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசலாம்.