இரண்டாம் கட்டுக் கதவு

குன்றக்குடியில் நமது வீட்டுத் திண்ணைக்கு மாலை வேளைகளில் பெற்றோர்கள் பிள்ளைகளுடன் வருவது வழக்கம். “மேற்கொண்டு எதைப் படிக்க வைக்கலாம், ஐயா?” என்பார்கள். டாக்டர், இஞ்சினீயர் என்ற இரண்டு விடைகளே அவர்களுக்குத் திருப்தியளிக்கும். மூன்றாவதாக ஒன்றை நாம் சொன்னால், வாத்தியாருக்கே வைத்தியம் தேவை என்று எண்ணுகிறவர்களும் உண்டு.

சென்ற வாரம் வந்த பெரியவரோ வாடிய முகத்துடன் உட்கார்ந்தார். “என் மகள் மனோதத்துவம் படித்து, சித்தம் கலங்கியவர்களுக்குச் சிகிச்சை செய்யப் போகிறாளாம். குடும்பப் பெண்ணுக்கு இது தகுமா? நீங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும்” என்றார்.

தூணருகே நின்ற பெண்ணிடம் காரணம் கேட்டோம். “எங்கள் அத்தை பதினொரு வருஷம் இரண்டாம் கட்டில் ஓர் அறையிலேயே கிடந்தார்கள், ஐயா. மந்திரித்தார்கள்; கயிறு கட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசியவர் ஒருவருமில்லை” என்றாள். பெரியவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய உடன்பிறந்த தங்கை அல்லவா!

நமது அண்டை மாவட்டத்து ஏர்வாடியை யார் மறக்க முடியும்? 2001 ஆகஸ்டு 6-ந் தேதி அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். 28 உயிர்கள்! சங்கிலி செய்யக் கொல்லர் இருந்தார். மனத்தை ஆராய்ந்து பேச ஆள் இல்லை.

இந்தத் தொழிலின் பிறப்பில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. 1896-ல் அமெரிக்காவின் பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் லைட்னர் விட்மர் முதல் மனோதத்துவச் சிகிச்சைக்கூடத்தை நிறுவினார். அங்கே முதலில் வந்தவன், எழுத்துக்கூட்டத் தெரியாமல் திண்டாடிய ஒரு சிறுவன். அழைத்து வந்தவர் அவனுடைய உபாத்தியாயினி!

இனி, வழியைச் சொல்வோம். மருந்து எழுதிக் கொடுப்பவர் மனநோய் டாக்டர், அவர் எம்.பி.பி.எஸ். படித்தவர். கிளினிகல் சைகாலஜிஸ்ட் எனப்படும் மனோதத்துவ நிபுணரோ மருந்து கொடுப்பதில்லை. பரீட்சைகளால் மனநிலையை அளந்தறிந்து, முறையான பேச்சாலும் பயிற்சியாலும் குணப்படுத்துகிறார். இதற்கு மூன்று வருஷம் பட்டப்படிப்பு. இரண்டு வருஷம் எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி. மனோதத்துவம், பிறகு நிபுணர்களின் மேற்பார்வையில் நோயாளிகளிடையே பயிலும் இரண்டு வருஷ எம்.பில். இதுவே நெடுங்காலப் பாதை. பெங்களூரில் 1954-ல் ஏற்பட்டு இன்று நிம்ஹான்ஸ் என வழங்கும் ஸ்தாபனம் இத்துறையில் புகழ் பெற்றது. முடித்தவர்கள், 1992-ம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்ஸிலில் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. எம்.பில். பட்டத்தை நிறுத்துவதென்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் விதி செய்தபின், இத்துறைப் படிப்புகளின் பெயரும் அமைப்பும் மாறி வருகின்றன. ஆகவே, பணம் கட்டுமுன் அந்தக் கல்லூரியும் படிப்பும் கவுன்ஸிலின் பட்டியலில் உள்ளனவா என்று பார்ப்பது அவசியம். விளம்பரத்தை நம்பி ஏமாறலாகாது.

உத்தியோகம் கிடைக்குமா என்பீர்கள். ஆஸ்பத்திரிகள், மாவட்ட மனநலத் திட்டம், பள்ளிகள், கல்லூரிகள் என்று இடங்கள் பல. ஆனால் பெருஞ்செல்வம் குவிக்கும் தொழில் என்று நாம் பொய் சொல்லமாட்டோம். பிறர் துயரத்தைக் கேட்டுக் கேட்டுக் களைக்காத பொறுமையே இதற்கு முதல் மூலதனம்.

அதற்கிடையே, வீட்டில் யாருக்கேனும் மனம் தளர்ந்தால் கதவைச் சாத்தாதீர்கள், அன்பர்களே! 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம், அதற்குக் கட்டணமில்லை.

எல்லாவற்றையும் கேட்ட பெரியவர், “ஆக மொத்தம் எத்தனை வருஷம்?” என்றார்.

“ஏழு.”

சற்று நேரம் மலைக்கோவில் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் தங்கை பதினொரு வருஷம் காத்திருந்தாள், ஐயா. ஏழு வருஷம் பெரிதில்லை” என்று எழுந்தார்.