காசிமேட்டுக் கணவாயும் நம்ம ட்ரிபிள்-ஈயும்

ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப் எடுத்த பலருக்கும் அன்னைக்கு ஒரு நிம்மதி: "அப்பாடா, இனிமே பயாலஜி கிடையாது." அதே நிம்மதியோட நாலு வருஷ இன்ஜினியரிங்கையும் முடிச்சிடுறோம். இது நமக்கு நஷ்டம்னு நான் சொல்றேன். என் பக்கத்துச் சாட்சி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வந்து இறங்கும் கணவாய்.

கணவாய்க்கு ஆபத்துன்னா தண்ணியைப் பீய்ச்சிக்கிட்டு ஒரே பாய்ச்சலா தப்பிச்சிடும். அந்த வேகத்துக்காக அதன் உடம்பில் ரொம்பத் தடிமனான நரம்பிழை ஓடுது. சில இனங்களில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்கும். உள்ளே ஒயரையே நுழைக்கலாம். இங்கிலாந்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதைத்தான் செஞ்சாங்க. ஃபீட்பேக் ஆம்ப்ளிஃபையர் வச்சு வோல்டேஜை அசையாம பிடிச்சு, கரண்டை அளந்தாங்க. 1952ல் அவங்க வெளியிட்ட விடையில் இருந்தது ஒரு கெப்பாசிட்டர், சில பேட்டரி, வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி மாறும் ரெசிஸ்டன்ஸ். நம்ம சர்க்யூட் தியரியேதான்! 1963ல் அதுக்கு நோபல் பரிசு கிடைச்சது, மருத்துவத்தில்.

அந்த மாறும் ரெசிஸ்டன்ஸில் ஒண்ணுதான் பொட்டாசியம் சேனல். செல் சவ்வில் பதிஞ்சிருக்கும் புரத வாசல் அது. நாலு துண்டு சேர்ந்தது. ஒவ்வொரு துண்டிலும் பாசிட்டிவ் சார்ஜ் உள்ள ஒரு சுருள் உண்டு. நரம்பு சும்மா இருக்கும்போது உள்பக்கம், வெளியைவிட சுமார் 70 மில்லிவோல்ட் நெகட்டிவ். அதனால் சுருள்கள் உள்நோக்கி இழுபட்டு, கதவு மூடியிருக்கும். சிக்னல் வந்ததும் முதலில் வேற வாசல் வழியா சோடியம் உள்ளே பாயும். உள்பக்கம் பாசிட்டிவ் ஆகும். உடனே சுருள்கள் வெளிநோக்கி நகர்ந்து கதவைத் திறக்கும். பொட்டாசியம் வெளியேறும், உள்பக்கம் திரும்ப நெகட்டிவ் ஆகும், கதவு மூடும். எல்லாம் சில மில்லிசெகண்டில். தான் திறந்ததாலேயே தன்னை மூடிக்கிற சுவிட்ச். நம்ம பாஷையில் நெகட்டிவ் ஃபீட்பேக்.

வெறும் 70 மில்லிவோல்ட் இவ்வளவு செய்யுமா? சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். வகுத்துப் பாருங்க: மீட்டருக்கு 1.4 கோடி வோல்ட். மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட் வந்தாலே காற்றில் பொறி பறக்கும். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துப் பக்கம் ஹைவோல்டேஜ் லைனைப் பார்த்து ஒதுங்கிப் போற நமக்குள்ளேயே, அதைவிடக் கடுமையான மின்புலம் இருக்கு.

"சரி, இதனால் யாருக்கு என்ன?" ராயபுரம் பக்கம் நெஞ்சு வலின்னா ஸ்டான்லிக்கு ஓடுறோம். அங்கே எடுக்கிற ஈசிஜியில் வரும் 'டி' அலை, பொட்டாசியம் சேனல்கள் திறந்து இதயத் தசை அடுத்த துடிப்புக்குத் தயாராகிறதைக் காட்டுது. கிட்னி பழுதாகி ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினா அந்த அலை கூர்மையா உயரும். கவனிக்காம விட்டா இதயமே நின்னுடலாம். அந்த மெஷினுக்கு ஃபில்டர் டிசைன் பண்றது டாக்டர் இல்லை, நம்மளை மாதிரி ஒருத்தர். பேஸ்லைன் ஆட்டத்தை நீக்குறேன்னு கட்-ஆஃபைத் தப்பா வச்சா, டாக்டர் பார்க்கவேண்டிய அலையே உருமாறிடும். எது நாய்ஸ், எது உயிர்னு தெரியாம எப்படி டிசைன் பண்றது?

பிளேஸ்மென்ட் நேரத்தில் இதுக்கெல்லாம் டைம் எங்கேன்னு கேட்பீங்க. நான் முழு பயாலஜி புத்தகத்தையும் படிக்கச் சொல்லலை. ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி மாடலின் எளிய வடிவத்தில் இருக்கிறது மொத்தமே நாலு டிஃபரென்ஷியல் ஈக்வேஷன். ஹக்ஸ்லி கையால் சுத்துற கால்குலேட்டரில் வாரக்கணக்கில் போட்ட கணக்கை, உங்க லேப்டாப் கண் சிமிட்டுறதுக்குள் முடிச்சிடும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் லேபில் டிசி மோட்டாருக்குப் பக்கத்தில் இதையும் ஒரு எக்ஸ்பெரிமென்ட்டா வைக்கலாம். துறைத்தலைவர் சம்மதிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அடுத்த மினி ப்ராஜெக்ட்டுக்கு நீங்களே எடுங்க. ப்ளஸ் ஒன்ல போட்ட சுவரை இறுதியாண்டு வரைக்கும் தூக்கிக்கிட்டு வரணும்னு யாரும் நம்மளைக் கட்டாயப்படுத்தலை.