தூசு படியாத கண்ணாடி

சரித்திரப் படமென்றால் கண்ணுக்கு விருந்தாக இருந்தால் போதும் என்றொரு கருத்து எமது கல்முனைப் பக்கத்து இலக்கிய நண்பர்களிடையே உலவுகின்றது. முஸபர் அலி 1981இல் இயக்கிய 'உம்ராவ் ஜான்' புதுப்பிக்கப்பட்டு, 2025 ஜூனில் இந்தியத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தது. அந்தச் செய்தியின் சூட்டோடு அப்படத்தையும், 2006இல் ஜே.பி. தத்தா அதே பெயரில் எடுத்த படத்தையும், அடுத்தடுத்த இரண்டு இரவுகள் இஷாவுக்குப் பின் கூடியிருந்து பார்த்தோம். "பழையது மங்கல். புதியதில் ஒவ்வொரு காட்சியையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம்" என்றார் நண்பரொருவர். மாட்டலாம்தான். எனது ஆட்சேபமும் அதுவேதான்.

இரண்டுக்கும் மூலம் ஒன்றே. மிர்ஸா ஹாதி ருஸ்வா 1899இல் வெளியிட்ட உருது நாவல் அது. பைஸாபாத்துச் சிறுமி அமீரன், தகப்பன் மீது வஞ்சம் கொண்ட ஒருவனால் கடத்தப்பட்டு, லக்னோவில் கானம் என்பவள் நடத்தும் ஆடல் மாளிகைக்கு விற்கப்படுகிறாள். அங்கே ஆடவும் பாடவும் கவிதை புனையவும் கற்று உம்ராவ் ஜான் ஆகிறாள். 1857 கிளர்ச்சியோடு அந்த லக்னோவே குலைந்து போகிறது.

2006ஆம் ஆண்டுப் படத்துக்கு ஆள் பஞ்சமில்லை. ஐஸ்வர்யா ராய் நடித்தார். கானமாக வந்தவர் ஷபானா ஆஸ்மி. 1981இல் அதே பாத்திரத்தை ஏற்றவர் அவரது தாயார் ஷௌகத் கைபி. அப்படியிருந்தும் படம் ஏன் நெஞ்சைத் தொடவில்லை? அதில் விளக்கும் திரைச்சீலையும் நகையும் மனுஷிக்கு முன்னால் வந்து நிற்கின்றன. அவள் அழும்போதும் படம் பிடிக்க நிற்பவள் போலவே நிற்கிறாள். ஒரு நகரமே அழிந்த கதையில் எங்கேனும் ஒரு கிழிசலாவது என் கண்ணில் நிலைக்கவில்லை.

அப்படியானால் அழகு வேண்டாம் என்கிறேனா? இல்லை. முதற்படமும் அழகான படம்தான். ரேகாவின் நடிப்புக்கும், கையாமின் இசைக்கும், ஆஷா போஸ்லேயின் பாடலுக்கும் கிடைத்த தேசிய விருதுகளோடு, கலை இயக்கத்துக்கும் அதற்கு விருது கிடைத்தது. ஆனால் அங்கே அழகு அவளுக்கு ஊழியம் செய்கிறது. இறுதிக் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். பல ஆண்டுகளின் பின் பைஸாபாத்துக்கு வருகிறாள். பெற்ற தாய் அவளை அறிந்துகொள்கிறாள். தம்பியோ போய்விடு என்கிறான். திரும்பி வந்து சேர்வது சூறையாடப்பட்ட அந்த மாளிகைக்கு. அங்கே ஒரு கண்ணாடி. அதில் படிந்த தூசைக் கையால் துடைத்துத் தன் முகத்தைப் பார்க்கிறாள். ஒப்பாரி இல்லை.

"உணர்ச்சி வேண்டுமென்றால் நாவலை வாசியுங்கள், படம் பார்ப்பதற்குத்தானே" என்று நண்பர் கேட்டார். அந்தத் தூசையும் நாம் பார்க்கத்தானே செய்தோம்? படத்தின் ஆகவும் ஆழமான இடமே ஒரு காட்சிதான். எனவே அழகா ஆழமா என்று இரண்டு கட்சி கட்டுவதே பிழை. காட்டப்படும் பொருளில் ஒரு மனிதரின் கை பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. மருதமுனைச் சாரனைக் கடையில் நிறம் பார்த்து வாங்குகிறோம். நெசவு தெரிவது துவைத்த பிறகுதான்.

இதனை ஒரு படத்தோடு விட்டுவிட மனமில்லை. எமது எழுத்திலும் இதே நோய் உண்டு. பழைய காலத்தை எழுதப் புகுந்தால் வெற்றிலை வட்டா, பன்பாய், மாட்டு வண்டில், கலியாண வீட்டுக் குரவை என்று அடுக்கிவிடுகிறோம். அந்தப் பாயில் படுத்து உறங்காமல் கிடந்தவள் யார் என்று எழுதுவதில்லை. நூதனசாலைக்குப் பட்டியல் தயாரிப்பவர்களாகிவிட்டோம்.

நானும் குற்றவாளிதான். 2004 சுனாமியில் கடலோரத்திலிருந்த எனது சாச்சியின் வீடு போயிற்று. அதைப் பற்றி ஒரு கதை எழுதினேன். பழைய கதவின் சித்திர வேலை, முற்றத்து மாதுளை, வெண்கலச் செம்பு எல்லாம் அதில் இருந்தன. வாசித்தவர்கள் அழகு என்றார்கள். எழுதாமல் விட்டது ஒன்றுண்டு. தண்ணீர் வடிந்து சில நாட்களில் சாச்சி அங்கே போனா. சுவர் இல்லை, கூரை இல்லை. எங்கிருந்தோ ஒரு விளக்குமாற்றைத் தேடியெடுத்து, எஞ்சியிருந்த சீமெந்துத் தரையைக் கூட்டினா. "ஏன் சாச்சி?" என்று கேட்டதற்கு, "ஆரும் வந்தா இருக்கத் தேவல்லியா மகன்?" என்றா.

அன்று அது கதைக்கு அழகு சேர்க்காது என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்த அந்தக் கையைத் திரையில் கண்ட இரவில்தான் எனது பிழை எனக்கு விளங்கியது. அந்தக் கதையைத் திரும்ப எழுதப் போகிறேன். கதவும் செம்பும் இருக்கட்டும். இம்முறை சாச்சி கூட்டிய தரையும் இருக்கும். சட்டம் போட்டு மாட்டும் அழகைப் புகழும் நண்பர்களும் தத்தம் கதைகளை ஒருமுறை எடுத்துத் தூசு தட்டிப் பார்க்கட்டும்.