அம்மாவுக்கு பிளேட்லெட் நார்மல், குழந்தைக்கு மட்டும் ஏன் குறைகிறது?

பிளேட்லெட் என்றதும் நமக்கு டெங்குதான் ஞாபகம் வரும். கூடவே பப்பாளி இலைச் சாறு வாட்ஸ்அப் ஃபார்வர்டும். ஆனால் பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைக்கும் பிளேட்லெட் சரியலாம். காரணம், அம்மாவின் நோய் எதிர்ப்பு சக்தி.

பிளேட்லெட்டின் மேல் சில புரதங்கள் உண்டு. அதில் ஒரு வகை அப்பாவிடமிருந்து குழந்தைக்கு வந்திருக்கும், அம்மாவிடம் இருக்காது. அம்மாவின் உடல் அதை அந்நியமாக நினைத்து ஆன்டிபாடி தயாரிக்கும். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய் குழந்தையின் பிளேட்லெட்டை அழிக்கும். சுமார் 1,000 முதல் 2,000 பிறப்புகளில் ஒன்றில் இப்படி நடக்கலாம்.

‘இது ஆர்எச் நெகட்டிவ் கதை மாதிரியே இருக்கே?’ என்று உங்களுக்குத் தோணலாம். அடிப்படை அதேதான். ஆனால் ஆர்எச்சில் பொதுவாக முதல் குழந்தை தப்பிவிடும்; இதில் முதல் குழந்தையே மாட்டிக்கொள்ளலாம். ஆர்எச்சுக்கு 1968 முதல் தடுப்பூசி இருக்கிறது. இதற்கு இல்லை. அப்படி ஒரு மருந்தை உருவாக்கிவந்த அமெரிக்காவின் ராலிபயோ நிறுவனம், ரத்தத்தில் அது போதிய அளவை எட்டாததால் 2025-ல் முயற்சியைக் கைவிட்டது.

சிக்கலே அம்மாவின் ரிப்போர்ட்தான். அவருக்கு பிளேட்லெட் நார்மலாக இருக்கும், வழக்கமான கர்ப்பகாலப் பரிசோதனைகளில் எதுவும் தெரியாது. குழந்தையின் தோலில் சிவப்புப் புள்ளிகளோ ரத்தக்கட்டோ தெரிந்த பிறகுதான் சந்தேகமே வரும். 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை 50,000-க்குக் கீழே போனால் கவனம் தேவை. பெரிய பயம் மூளையில் ரத்தக்கசிவு. அது கருவிலேயே நடக்கலாம்.

நம் ஊர் டாக்டர்கள் முதலில் கிருமித்தொற்றைச் சந்தேகிப்பது நியாயம்தான். ஆனால் நிறைமாதக் குழந்தை, தொற்றுக்கான அறிகுறியே இல்லை என்றால் அதோடு நிறுத்தக் கூடாது. சிகிச்சை இருக்கிறது: பிளேட்லெட் ஏற்றுவார்கள், இம்யூனோகுளோபுலின் கொடுப்பார்கள். பொருந்தும் டோனர் கிடைக்கவில்லையே என்று காத்திருக்கத் தேவையில்லை, கைவசம் இருக்கும் பிளேட்லெட்டையே ஏற்றலாம். சில வாரங்களில் எண்ணிக்கை தானே ஏறிவிடும்.

அதனாலேயே பல குடும்பங்கள் காரணம் கேட்காமல் வீட்டுக்குப் போய்விடுகின்றன. அடுத்த கர்ப்பத்தில் பாதிப்பு இன்னும் கடுமையாகலாம். முன்பே தெரிந்தால் அம்மாவுக்கு வாராவாரம் இம்யூனோகுளோபுலின் ஏற்றிக் குழந்தையைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. ஆகவே அப்பாவின் ரத்தமும் சேர்த்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஐரோப்பியர்களிடம் பெரும்பாலும் எச்பிஏ-1ஏ என்ற புரதமே காரணம். ஜப்பானில் எச்பிஏ-4பி-யும் முக்கியம். ஒன்றை மட்டும் பார்த்து ‘நெகட்டிவ்’ என்றால் போதாது. காரணம் உறுதியானால் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். அம்மாவின் அக்கா, தங்கைக்கும் சொல்லுங்கள், அவர்களிடமும் அந்தப் புரதம் இல்லாமல் இருக்கலாம்.